கொழும்பு வெக்கையில் பட்டர் கேக்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். பட்டர், சீனி, கோதுமை மா மூன்றும் 250 கிராம், முட்டை 5 என்று தராசில் நிறுத்துத்தான் கேக் செய்கிறேன். ஆனாலும் நடுப்பகுதி இறங்கிவிடுகிறது. வெட்டினால் அடியில் மெழுகு மாதிரி ஈரமான ஒரு படை. சிலவேளை மேலே வெடித்தும் விடுகிறது. பேக்கிங் பவுடரைக் கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. மகளின் பிறந்தநாள் வருகிறது. எங்கே பிழை விடுகிறேன்?

பதில்: உங்கள் அளவு சரியானது. ஓடு நீக்கினால் ஒரு நடுத்தர முட்டை ஏறத்தாழ 50 கிராம், ஐந்தும் சேர்ந்து 250. நான்கு பொருளும் சம எடை என்பது மிகப் பழைய கணக்கு, அதை மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் பட்டரின் சூட்டினால் வருபவை. வெடிப்பு ஓவனால் வருவது.

செய்முறைகளில் ‘அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்’ என்று எழுதியிருக்கும். அது குளிர்நாட்டு அறையின் கணக்கு, 18 முதல் 20 பாகை செல்சியஸ். கொழும்பில் மத்தியான நேரத்துச் சமையலறை 30 பாகையை எளிதாகத் தாண்டும். பட்டர் முழுதாக உருகுவதே 32 முதல் 35 பாகைக்குள்தான். காலையில் வெளியே எடுத்து வைத்துவிட்டு மத்தியானம் அடிக்கத் தொடங்கினால், உருவம் குலையாமல் இருந்தாலும் அது பாதி எண்ணெய்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரல்களின் கூர்முனைகள் பட்டருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களைப் புகுத்துகின்றன. அந்தக் குமிழ்களைப் பிடித்து வைக்கப் பட்டர் வளைந்து கொடுக்கவும் வேண்டும், கட்டியாக நிற்கவும் வேண்டும். எண்ணெயாகிவிட்டால் காற்று நிற்காது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே உள்ள குமிழ்களைத்தான் ஊதிப் பெருப்பிக்கிறது. குமிழ் குறைவாக இருக்கும் கலவையில் பவுடரைக் கூட்டினால், இருக்கிற சில குமிழ்கள் அளவுக்கு மீறிப் பெருத்து, முட்டையும் மாவும் இறுகுவதற்கு முன்பே உடைந்துவிடும். நடுப்பகுதிதான் கடைசியாக வேகும் இடம், அதனால் அங்கேதான் இறங்கும். 250 கிராம் சாதாரண கோதுமை மாவுக்கு மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி போதும். செல்ஃப் ரெய்சிங் மா வாங்கியிருந்தால் பவுடரே போட வேண்டாம். பெட்டியை ஒருமுறை பாருங்கள், பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. விடியற்காலையில் தொடங்குங்கள், சமையலறை குளிர்ந்திருக்கும் நேரம் அதுதான். பிரிட்ஜிலிருந்து எடுத்த பட்டரை இரண்டு சென்றிமீற்றர் கட்டிகளாக வெட்டிப் பரப்பி வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தயாராகிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் மினுக்கம் ஒட்டக்கூடாது. மினுங்கினால் பிந்திவிட்டீர்கள், திரும்ப உள்ளே வையுங்கள். கொஞ்சம் குளிராகத் தொடங்குவதே நல்லது, ஏனென்றால் பீட்டர் சுழலும் உராய்விலேயே பட்டர் மேலும் சூடாகும். பக்கத்தில் ஐஸ் போட்ட தண்ணீர்ச் சட்டி ஒன்று இருக்கட்டும். கலவை பளபளக்கத் தொடங்கினால் பாத்திரத்தின் அடியை அதில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

கடைச் சீனி பரல் பெரிது. மிக்சியில் இரண்டு மூன்று தடவை விட்டுவிட்டுச் சுற்றிச் சிறு பரலாக்குங்கள். மாவாகும்வரை அரைத்துவிட்டால் காற்றைப் புகுத்தும் கூர்மை போய்விடும். கைப் பீட்டரால் ஐந்து முதல் ஏழு நிமிடம் அடியுங்கள். மஞ்சள் நிறம் வெளிறி, பஞ்சுபோல் பொங்கி, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டி நிற்க வேண்டும். இந்த வேலையில் மனம் நிறைகிற நேரம் இதுதான். கண் முன்னே நிறம் மாறுவதைப் பார்த்தாலே கேக் எப்படி வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்த ஆபத்து முட்டை. பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் பட்டர் இறுகிக் கலவை திரிந்த பால்போல் ஆகிவிடும். கொழுப்பு வேறு, நீர் வேறாகப் பிரிந்த அந்தக் கலவையும் அடியில் மெழுகுப் படையாகத் தங்கிவிடும். முட்டையை இருபது நிமிடம் முன்பே வெளியே எடுத்து, ஐந்தையும் ஒரு கோப்பையில் இலேசாக அடித்து, இரண்டு மேசைக்கரண்டி வீதம் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முழுதாகக் கலந்தபின் அடுத்ததை ஊற்றுங்கள். திரியும் அறிகுறி தெரிந்தால், எடுத்து வைத்த மாவிலிருந்தே ஒரு கரண்டி போட்டு அடியுங்கள், சேர்ந்துவிடும்.

மாவையும் பவுடரையும் இரண்டு தடவை அரித்துவிட்டு மூன்று பங்காகச் சேருங்கள். இதற்குப் பீட்டர் வேண்டாம். அகன்ற கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டினால் போதும். வெள்ளை மறைந்ததும் நிறுத்துங்கள், மேலும் கிண்டினால் மாவில் இழுவை ஏறிக் கேக் றப்பர்போல் ஆகும். வனிலா ஒரு தேக்கரண்டி, பால் இரண்டு மேசைக்கரண்டி. உப்புள்ள பட்டர் என்றால் தனியாக உப்பு வேண்டாம். பட்டருக்குப் பதிலாக ஃபாட் ஸ்பிரெட் என்று எழுதிய பெட்டியை எடுத்துவிடாதீர்கள். அதில் கொழுப்புக் குறைவு, நீர் அதிகம்.

வெடிப்புக்கு வருவோம். தொடர்மாடி வீடுகளில் உள்ள சிறிய மேசை ஓவனில் மேல் சூட்டுக் கம்பி கேக்குக்கு மிகக் கிட்ட இருக்கும். மேற்பரப்பு முதலே இறுகிவிட, உள்ளே பொங்குவது அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. தட்டைக் கீழ்த்தட்டில் வையுங்கள். 160 பாகையில் 15 நிமிடம் முன்சூடாக்குங்கள். மேலே பொன்னிறமானதும், அநேகமாக 35ஆவது நிமிடத்தில், அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். 8 அங்குலச் சதுரத் தட்டுக்கு மொத்தம் 50 முதல் 60 நிமிடம் பிடிக்கும். முதல் அரை மணிநேரம் கதவைத் திறக்கவே கூடாது, குளிர்காற்றுப் பட்டால் இறுகாத நடுப்பகுதி அமுங்கிவிடும். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல், உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி வையுங்கள். மற்றெந்தக் கேக் சாமானையும்விட அதற்குக் கொடுக்கும் காசு பிரயோசனமானது.

ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்தால் ஈர மா ஒட்டக்கூடாது, ஓரிரண்டு துணிக்கை ஒட்டினால் பரவாயில்லை. பத்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து முழுதாக ஆறவிடுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் நீர் வியர்த்து, நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாக ஆறியபின் இறுக மூடி ஓர் இரவு வைத்தால் ருசி கூடும், வெட்டும்போது உதிராது. ஆகவே பிறந்தநாளுக்கு முதல்நாளே சுட்டுவிடுங்கள்.

அதற்கும் ஒரு கிழமை முன்பு பாதி அளவில் ஒரு தடவை செய்து பாருங்கள். பட்டர் 125 கிராம், முட்டை இரண்டரை (மூன்றை அடித்து 125 கிராம் நிறுத்தெடுங்கள்), 6 அங்குலத் தட்டு, 40ஆவது நிமிடத்தில் ஈர்க்கு. அதுவும் இறங்கினால் எறிய வேண்டாம். மெழுகுப் படையை வெட்டி நீக்கிவிட்டு, மீதியைத் துண்டாக்கிக் கஸ்ரட்டும் பழமும் அடுக்கிக் குளிரவையுங்கள். பின்னேரத்துக்குள் சட்டி காலியாகிவிடும்.