முழங்கால் ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன்தானா? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 54. மூன்று மாதமாக வலது முழங்காலில் வலி. கீழே விழவில்லை, அடிபடவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று வந்தது. சின்னதாகத் துளை போட்டு உள்ளே சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று அடுத்த வாரமே தேதி கொடுத்துவிட்டார்கள். செய்துகொள்ளலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. இங்கே ஜவ்வு என்பது, முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ். முதலில் ஒன்று சொல்லுங்கள், முழங்கால் நடுவில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் நிற்கிறதா? அப்படி நின்றாலோ, விளையாட்டில் அடிபட்டுக் கிழிந்திருந்தாலோ கதை வேறு. உங்களுக்கு அடி எதுவும் படவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இது பெரும்பாலும் வயதோடு வருகிற கிழிசல், தலைமுடி நரைப்பது மாதிரி. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 50 வயதைத் தாண்டிய 991 பேரை, வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் தேர்ந்தெடுத்து, முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2008-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இருந்ததில்லை. அதனால் ஸ்கேனில் தெரிகிற கிழிசல்தான் உங்கள் வலிக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சரி, சுத்தம் செய்தால் வலி போகாதா? இதைச் சோதித்த விதத்தை நான் பார்க்க வருகிற எல்லோருக்கும் சொல்லுவேன். ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு டாக்டரும் அவருடைய குழுவும் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உள்ளே கருவி விட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு உப்புநீரால் கழுவி மட்டும் விட்டார்கள், மூன்றாவது பிரிவினருக்குத் தோலை மட்டும் கீறிவிட்டு, கருவிகளைக் கேட்டு வாங்குவது போலப் பேசி, தண்ணீர்ச் சத்தத்தைக்கூட வரவழைத்து, உள்ளே ஒன்றுமே செய்யாமல் தையல் போட்டு அனுப்பினார்கள். அப்படியும் நடக்கலாம் என்று தெரிந்தே நோயாளிகள் கையெழுத்திட்டிருந்தார்கள், ஆனால் தனக்கு எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் பார்த்தும் மூன்று பிரிவினருக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. 2002-ல் இது வெளிவந்தபோது எலும்பு மருத்துவர்கள் நிறைய பேருக்குக் கோபம் வந்தது. தேய்மானம் முற்றியவர்களை எடுத்துக்கொண்டால் அப்படித்தான் வரும், வெறும் ஜவ்வுக் கிழிசல் என்றால் பலன் இருக்கும் என்றார்கள். அதையும் பின்லாந்தில் செய்து பார்த்தார்கள். தேய்மானம் இல்லாமல், அடிபடாமல் ஜவ்வு மட்டும் கிழிந்த 146 பேர், 35 முதல் 65 வயது வரை, ஏறக்குறைய உங்களைப் போன்றவர்கள். 2013-ல் வந்த முடிவும் அதேதான்: ஒரு வருடம் கழித்து, ஜவ்வை வெட்டிச் சீர் செய்தவர்களும் பொய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள்.

பொய் ஆபரேஷனுக்குக் கால் கொடுத்த அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களால்தான் இன்று உங்களிடம் இவ்வளவு தைரியமாகப் பேச முடிகிறது. தேதியைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பிசியோதெரபி செய்யுங்கள். அப்புறம் பேசலாம்.

கேள்வி: மூட்டுக்கு நல்லது என்று குளுக்கோசமைன் மாத்திரை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. தொடரலாமா?
வாசகர், ஈரோடு

பதில்: நிறுத்திப் பாருங்கள். 2006-ல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்த ஆய்வில் குளுக்கோசமைன், மூட்டுக்கென்றே விற்கப்படும் காண்ட்ராய்டின் என்ற இன்னொரு மாத்திரை, இரண்டும் சேர்ந்தது, ஒரு வலி மாத்திரை, வெறும் மாவு மாத்திரை என்று ஐந்து விதமாகக் கொடுத்தார்கள். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது! மொத்தமாகப் பார்த்தால் குளுக்கோசமைன் அதைவிடத் தெளிவாக மேலாக இல்லை. வலி அதிகமாக இருந்த ஒரு சிறு பிரிவில் மட்டும் இரண்டும் சேர்ந்தது உதவியது போலத் தெரிந்தது, அதை நம்பி வருடக்கணக்கில் பணம் கட்ட நான் சொல்ல மாட்டேன். இந்த மாத்திரை பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் அப்படித்தான்.

கேள்வி: முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் ஒருவர், நம் இரத்தத்திலிருந்தே எடுக்கும் பி.ஆர்.பி. ஊசிதான் நல்லது என்கிறார் இன்னொருவர். எது சரி?
வாசகர், மதுரை

பதில்: வீக்கத்தோடு தாங்க முடியாத வலி என்றால் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும், மறுக்கவில்லை. ஆனால் அதையே வழக்கமாக்கினால்? 140 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. வலியில் உப்புநீர் ஊசிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. பி.ஆர்.பி.யை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள், 2021-ல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பிலும் சரி, உப்புநீரைவிட மேலாக ஒன்றும் இல்லை. கடன் வாங்கி இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பார்த்து மனசு வலித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: ஏற்கெனவே தேய்ந்த மூட்டு, உடற்பயிற்சி செய்தால் இன்னும் தேயாதா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: எல்லோருக்கும் இருக்கும் பயம் இது. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அமுங்கி, விடும்போது பஞ்சு மாதிரி மூட்டு நீரை உறிஞ்சித்தான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. காலை அசைக்காமல் வைத்திருந்தால் அதுவும் நலிந்துபோகும், தொடைத் தசையும் மெலியும், பாரம் முழுக்க மூட்டிலேயே விழும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, மனசுக்குள் பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். ஒரு வாரம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் வலி ஏறியே இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலும் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் மிச்சம்.

கேள்வி: வயது 33. காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்க முடிவதில்லை. இதுவும் தேய்மானம்தானா?
வாசகி, சேலம்

பதில்: இல்லை அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். முடக்குவாதமாக இருக்கலாம், இந்த மாதமே வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டு கோணிப்போகாமல் காப்பாற்ற முடியும். மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70. இரவில் வலியால் தூக்கம் இல்லை, பாத்ரூமுக்குக்கூடப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். மூட்டு மாற்று ஆபரேஷன் பத்து வருடம்தான் தாங்கும் என்கிறார்களே?
வாசகர், திருநெல்வேலி

பதில்: அது பழைய பேச்சு. வெளிநாட்டு மூட்டு மாற்றுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வந்த கணக்குப்படி, முழு முழங்கால் மாற்றுகளில் 82 சதவீதம் 25 வருடம்வரை தாங்குகின்றன. பயிற்சி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று, இரவிலும் வலிக்கிறது என்றால் இந்த ஆபரேஷன் உண்மையிலேயே வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கும். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுச் செய்யுங்கள், புண் பழுக்காமல் இருக்க அது முக்கியம். செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது, அதிகமாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வரி இல்லாமல் 54,720 ரூபாய். அதனால் பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவிடம் இன்றைக்கே நான் மேலே சொன்ன கால் நீட்டும் பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள், ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்க அந்தத் தசைதான் வேண்டும்.