வீட்டு முன் கால்வாய் அடைத்தால் யாரிடம் போவது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் வீட்டு முன் கால்வாய் அடைத்துக்கொண்டால் சட்டமன்ற உறுப்பினரைத்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அது அங்குள்ள உள்ளாட்சி அமைப்பான செபராங் பிறை மாநகர் மன்றத்தின் வேலை. குப்பை, சந்தை, கடை உரிமம் எல்லாம் அவர்கள் பொறுப்பே. பிப்ரவரி, ஆகஸ்ட் இறுதிக்குள் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி (வீடு, கடைக்கான வரி) கட்டுவது இதற்காகத்தான். (நில வரி வேறு, அது மாநில அரசுக்குப் போகிறது.)

மாநகர் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965இல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தலை 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அடியோடு எடுத்துவிட்டது. மாநில அரசே நியமிக்கிறது. எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது. ஆனாலும் மன்றத்திடம் கேட்கத் தயங்காதீர்கள்.

புகாரில் தெருப் பெயர், கால்வாயின் படம், பக்கத்து விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண் மூன்றையும் கொடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். தோட்டத்துத் தனியார் நிலம் என்றால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் பேசுங்கள்.