கிரேட்டோஸுக்கு நல்ல முடிவு தகுமா? (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

'காட் ஆஃப் வார்' விளையாட்டுத் தொடரைப் பற்றி நீங்கள் அண்மையில் எழுதிய குறிப்பில், 2022இல் வந்த 'ராக்னராக்' மனம் நிறையும்படி முடிந்திருக்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். பிளேஸ்டேஷன் 2 காலத்திலிருந்து இத்தொடரை விளையாடி வருபவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

இத்தொடரின் நாயகன் கிரேட்டோஸ் யார்? போர்க்களத்தில் தோற்கும் தறுவாயில் உயிருக்குப் பயந்து போர்க்கடவுள் ஏரீஸிடம் தன்னை விற்றவன். ஏரீஸின் ஏவலில் ஒரு சிற்றூருக்குள் புகுந்து கோயிலில் இருந்தவர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்த பிறகே, அவர்களுக்கு நடுவே தன் மனைவியும் மகளும் கிடப்பதைக் கண்டவன். அது ஏரீஸின் சூழ்ச்சி என்று அவன் பக்கம் பேசுபவர்கள் சொல்கிறார்கள். அந்த இருவர் அங்கே இருந்தது சூழ்ச்சி, சரி. மற்றவர்களை வெட்டியது யாருடைய சூழ்ச்சி? பிறகு 2010இல் வந்த மூன்றாவது ஆட்டத்தில் போசைடனைக் கொன்றான், கடல் பொங்கி நிலத்தை விழுங்கியது. ஹீலியோஸின் தலையைப் பிய்த்தெடுத்தான், சூரியன் மறைந்தது. ஹெர்மிஸைக் கொன்றான், கொள்ளைநோய் பரவியது. ஒரு நாட்டையே நாசமாக்கிவிட்டு வடதேசத்துக்குப் போய், மறுமணம் செய்து, மகனைப் பெற்று, கடைசியில் நண்பர்களும் மக்களின் வணக்கமும் வாய்க்கப்பெறுகிறான். அது போதாதென்று 2023 டிசம்பரில் வந்த 'வால்ஹல்லா' என்ற துணைப் பகுதியில் அரியணையும் கிடைக்கிறது.

2018இல் வந்த ஆட்டத்தின் முடிவில், அவன் மகனின் கைகளில் இறந்து கிடப்பதுபோல ஒரு சுவரோவியம் காட்டப்பட்டது. அப்படியே முடித்திருந்தால் அது காவியமாகியிருக்கும். 'விட்சர்' என்ற இன்னொரு விளையாட்டின் நாயகன் கெரால்ட்டுக்குத் திராட்சைத் தோட்டம் கிடைத்தபோது நான் மகிழ்ந்தேன், ஏனென்றால் அவன் அதற்குத் தகுதியானவன். கிரேட்டோஸ் தகுதியானவன் அல்லன். இருண்ட கதையைத் தொடங்கியவர்கள் விற்பனைக்காகக் கடைசியில் சர்க்கரை தூவிவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

அன்புடன்,
ரா.

*

அன்புள்ள ரா.,

உங்கள் குற்றப்பத்திரிகையில் எனக்குத் தெரியும் குறை ஒன்றுதான்: அது மிகவும் சுருக்கமாக இருக்கிறது. 2005இல் வந்த முதல் ஆட்டத்தில், ஹைட்ரா என்ற பல தலைப் பாம்பின் தொண்டைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் கப்பல் தலைவனை நீங்கள் விட்டுவிட்டீர்கள். தன்னைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறான் என்று அந்த மனிதன் நன்றி சொல்ல, கிரேட்டோஸ் அவன் கழுத்தில் கிடக்கும் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு அவனைக் கீழே விட்டுவிடுகிறான். பாதாள உலகில் அதே ஆளை மறுபடி சந்திக்கும்போது அவனை உதைத்துத் தள்ளுகிறான். அதை ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே அமைத்திருந்தார்கள், நானும் சிரித்தேன். பண்டோராவின் கோயிலில் கூண்டுக்குள் அடைபட்ட படைவீரன் ஒருவன் இருக்கிறான். வழி திறக்க மனிதப் பலி வேண்டும் என்பதால் அந்தக் கூண்டை மேட்டில் தள்ளிக்கொண்டு போய் நெருப்பில் எரிக்க வேண்டும், வழி நெடுக அவன் கெஞ்சிக்கொண்டே வருவான். இடையில் அரக்கர்கள் மறித்தபோதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வீரனை நினைத்து வந்த எரிச்சல் அல்ல, தள்ளும் வேலை தடைபடுகிறதே என்ற எரிச்சல்.

ஆகவே கிரேட்டோஸ் நல்லவன் என்று வாதாட நான் வரவில்லை. எனக்கு இடறுவது 'தகுதி' என்ற சொல்தான். நீங்கள் அதைக் கூலிக் கணக்காக வைத்திருக்கிறீர்கள்: செய்ததற்குத் தக்கபடி பெற வேண்டும், இவன் செய்தது கொலை, ஆகவே பெறவேண்டியது சாவு. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு மனிதனுக்குச் சாவு தண்டனையாக இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஆட்டம் தொடங்குவதே அவன் மலையுச்சியிலிருந்து ஈஜியன் கடலை நோக்கிக் குதிக்கும் காட்சியோடுதான். நடந்த கதையையெல்லாம் சொல்லிவிட்டு ஆட்டம் அதே உச்சிக்குத் திரும்புகிறது. குதித்தவனைத் தேவி ஏதீனா தூக்கிக்கொண்டு வந்து, ஏரீஸின் காலியான இருக்கையில் உட்கார வைக்கிறாள். மூன்றாவது ஆட்டத்தின் முடிவில் ஒலிம்பஸின் வாளைத் தன் வயிற்றில் தானே செருகிக்கொள்கிறான், அப்போதும் சாகவில்லை. சாவதற்கு இரண்டு முறை முயன்று தோற்றவனுக்கு மூன்றாவது முறை அதைத் தூக்கிக் கொடுப்பது, அதுவும் மகனின் மடியில், கண்ணீரும் பின்னணி இசையும் சூழக் கொடுப்பது, அவன் கேட்ட வரத்தைக் கொடுப்பதாகும். நீங்கள் காவியம் என்று நினைக்கும் அந்த முடிவில்தான் எனக்குச் சர்க்கரை தெரிகிறது. அங்கே எல்லாக் கடனும் ஒரே நொடியில் தள்ளுபடியாகிவிடும், பார்ப்பவர்களும் அழுதுவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடலாம்.

முதல் ஆட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏரீஸைக் கொன்றால் பாவம் மன்னிக்கப்படும் என்று தேவர்கள் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள், சொன்னபடி மன்னிக்கவும் செய்தார்கள். ஆனால் அவன் எதிர்பார்த்திருந்தது மன்னிப்பு அல்ல, மறதி. கொடுங்கனவுகளை எடுத்துவிடுவதாகத் தாங்கள் சொல்லவே இல்லை என்று ஏதீனா கைவிரித்துவிடுகிறாள். முதல் ஆட்டத்தை இயக்கிய டேவிட் ஜாஃபியின் குழு அன்று போட்ட அந்தக் குரூரமான நிபந்தனையை, நான் பார்த்தவரையில், பின்னால் வந்த வடதேசக் கதைகள் எங்குமே தளர்த்தவில்லை. இறந்த மனைவி மகளின் சாம்பல் இன்னும் அவன் தோலில்தான் அப்பியிருக்கிறது. தன் பழைய ஆயுதமான கேயாஸ் வாள்களின் சங்கிலி சுட்ட தழும்புகளை அவன் துணியால் சுற்றி மறைத்திருக்கிறான். கோரி பார்லாக் இயக்கிய 2018 ஆட்டத்தில் அந்த வாள்கள் வீட்டுத் தரைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. இறந்தவர்களின் உலகமான ஹெல்ஹெய்மின் குளிரில் கோடரி உதவாது என்று தெரிந்து, நோயில் கிடக்கும் மகனுக்காக அவற்றைத் தோண்டி எடுக்க வேண்டி வருகிறது. தோண்டும்போது ஏதீனா எதிரே தோன்றி, நீ என்றைக்கும் ஓர் அரக்கன்தான் என்கிறாள். அவன் அதை மறுப்பதில்லை. அரக்கன்தான், ஆனால் இனி உன்னுடைய அரக்கன் அல்லன் என்று மட்டும் சொல்கிறான். தன் தகுதியைப் பற்றி உங்களுக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது என்பதற்கு இந்தக் காட்சியே போதும்.

இங்கே கிரேக்கர்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கிரேட்டோஸின் கதை அவர்களுடைய ஹெராக்ளீஸின் கதைதான். ஹெர்குலிஸ் என்று நாம் சொல்பவன். ஹீரா ஏவிய பித்தில் தன் பிள்ளைகளைத் தானே கொன்றவன் அவன். (மூன்றாவது ஆட்டத்தில் இதே ஹெர்குலிஸின் முகத்தை, அவனுடைய கையுறைகளையே பிடுங்கி மாட்டிக்கொண்டு, கிரேட்டோஸ் நசுக்கிக் கொல்கிறான். தன் மூலக்கதையையே கொன்ற நாயகன் என்று இதை நான் பலமுறை வேடிக்கையாக நினைத்துக்கொண்டதுண்டு.) வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் அந்தக் கொலைக்குப் பரிகாரமாகத்தான் பன்னிரண்டு அரும்பணிகள் வருகின்றன, குற்றம் முதலில், உழைப்பு பிறகு, தேவ பதவி கடைசியில் என்று கணக்கு ஒழுங்காகத் தீர்ந்துவிடுகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் யூரிப்பிடீஸ் தன் நாடகத்தில் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். அங்கே அரும்பணிகளையெல்லாம் முடித்து வெற்றியோடு வீடு திரும்பிய பிறகுதான் பித்துப் பிடிக்கிறது, மனைவியும் பிள்ளைகளும் சாகிறார்கள். கொலையை ஈடுகட்ட இனி எந்தப் பணியும் மிச்சமில்லை. தெளிந்து எழுந்தவன் சாகத் துணிகிறான், அவமானத்தில் தலையை மூடிக்கொள்கிறான். நண்பன் தீசியூஸ் வந்து, கொலைப்பழி தன்னையும் ஒட்டிக்கொள்ளுமே என்று அஞ்சாமல் அவனைத் தொட்டு எழுப்பி, ஏதென்ஸுக்கு வா என்கிறான். ஹெராக்ளீஸ் போகிறான், கயிறு கட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு படகைப்போலப் பின்னால் போகிறான். போவதற்கு முன் அவனுக்கு ஒரு தயக்கம் வருகிறது: பிள்ளைகளைக் கொன்ற அதே வில்லை எடுத்துக்கொள்வதா, இங்கேயே விட்டுவிடுவதா? விலாவில் உரசும்போதெல்லாம் அந்த வில் தன்னைக் குற்றம் சாட்டும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே எடுத்துக்கொள்கிறான்.

தரைக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்ட வாள்களை நீங்கள் இப்போது இன்னொரு முறை நினைத்துப் பார்க்கலாம். இத்தொடரை உருவாக்கிய சாண்டா மோனிகா ஸ்டுடியோவில் யாராவது அந்த நாடகத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொலை செய்த கையோடு மிச்ச நாளை வாழ வேண்டியவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கதை தானாகவே அந்த இடத்துக்கு வந்து நிற்கும் போலிருக்கிறது. தகுதி பார்த்திருந்தால் தீசியூஸ் அவனைத் தொட்டிருக்க முடியாது.

உங்கள் பக்கம் நான் சாய்கிற இடமும் உண்டு. 'ராக்னராக்'கின் முடிவில் மகன் அட்ரேயஸ் தன் வழியே பிரிந்து போன பிறகு, மனைவி விட்டுச்சென்ற ஓவியப் பலகையின் பின்பக்கத்தைக் கிரேட்டோஸ் பார்க்கிறான். அதில் மக்கள் அவனை வணங்குவதாக வரையப்பட்டிருக்கிறது, அவன் கண் கலங்குகிறான். கிரேட்டோஸாக வரும் கிறிஸ்டோபர் ஜட்ஜின் நடிப்பு அந்தக் காட்சியைத் தாங்கிப் பிடிக்கிறது, ஆனால் கதையாகப் பார்த்தால் அது எனக்குச் சறுக்கலாகவே படுகிறது. அதே ஆட்டத்தில்தான் வருவதை முன்கூட்டிச் சொல்லும் பெண்களான நார்ன்கள், விதி என்று எதுவும் கிடையாது, நீங்கள் எல்லோரும் மாறாமல் ஒரே மாதிரி நடந்துகொள்வதால்தான் எங்களால் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். அவ்வளவு நல்ல ஓர் எண்ணத்தைச் சொல்லிவிட்டு, கடைசியில் நல்ல விதியை வரைந்து காட்டி ஆறுதல் தருவது முன்னால் சொன்னதைத் தானே அழித்துக்கொள்வதுதான். விற்பனை பற்றிய உங்கள் ஐயத்தையும் நான் மறுக்கவில்லை, நன்றாக ஓடும் குதிரையை யாரும் சுட்டுக் கொல்லமாட்டார்கள்.

ஆனாலும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே உங்கள் கட்சியைப் பேசுவதற்கு ஆள் இருக்கிறான். கொல்லன் சிந்த்ரியைச் சொல்கிறேன். வீட்டைக் கொடுத்தான், ஆயுதங்களைச் செய்து கொடுத்தான், பையனின் இரகசியங்களைக் காப்பாற்றினான். வடதேசத்துப் போர்க்கடவுள் டிர் என்று நம்பி அந்த வீட்டுக்குள் வைத்திருந்த ஆள் உண்மையில் எதிரியான ஓடின் என்று தெரிய வந்த கணத்தில் சிந்த்ரியின் சகோதரன் ப்ராக் குத்திக் கொல்லப்படுகிறான். அதற்குப் பிறகு சிந்த்ரி யாரையும் மன்னிப்பதில்லை. ப்ராக்கின் ஈமச்சடங்கில் கிரேட்டோஸ் பக்கத்தில் வந்து நின்றும்கூட அவன் மனம் இளகுவதில்லை, பேசாமல் மறைந்துபோகிறான். வடதேசத் தேவி ஃபிரேயா, தன் மகன் பால்டரின் கழுத்தை முறித்த கிரேட்டோஸ்மீதான பழியை ஒதுக்கிவைக்கிறாள், சிந்த்ரி வைப்பதில்லை. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் வைத்திருக்கிற துணிச்சலுக்காகத்தான் அந்த முடிவை மனம் நிறையும்படியானது என்று சொன்னேன். நாயகன் சிரித்துக்கொண்டே முடிகிறது என்பதற்காக அல்ல.

'வால்ஹல்லா'வைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது அரியணை கொடுக்கும் விழா அன்று. செத்தால் தொடக்கத்துக்கே திரும்பிப் போகவேண்டிய, ஒவ்வொரு முறையும் அறைகள் மாறி அமைகிற விளையாட்டு வகை அது. தன் கடந்த காலத்துக்குள் ஒருவன் திரும்பத் திரும்ப நுழைவதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தோன்றவில்லை. அங்கே ஹீலியோஸின் துண்டித்த தலை வந்து, ஏறக்குறைய நீங்கள் கடிதத்தில் கேட்டிருக்கும் கேள்விகளையே ஏளனமாகக் கேட்கிறது. அதன் வாயை அடைக்கும்படியான பதில் எதுவும் கிரேட்டோஸிடம் இல்லை. கடைசியில், கிரேக்கத்தில் இருந்த இளம் கிரேட்டோஸ் அரியணையில் பேசாமல் உட்கார்ந்திருக்க, முதியவன் அவன் எதிரே நின்று பேசுகிறான். அந்த இருக்கை அவனுக்குப் பரிசாக வரவில்லை. போர்க்கடவுள் என்ற அந்தப் பெயரால் செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு, அதே பெயரில் இனி வேறு வேலை செய்ய வேண்டும் என்று ஏற்றுக்கொள்வதற்காக அவன் அதில் அமர்கிறான்.

கெரால்ட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016இல் வந்த 'பிளட் அண்ட் வைன்' பகுதியில் தூசான் நாட்டுக் கோமகள் அவனுக்குக் கொடுக்கும் கோர்வோ பியான்கோ தோட்டம், ஒப்புக்கொண்ட வேலைக்கான ஊதியத்தில் சேர்ந்தது. காசுக்கு அரக்கன் கொல்லும் தொழிலாளி அவன், அவனுக்குத் தகுதிக் கணக்கு பொருந்தும், களைத்தவன் உட்காரட்டும் என்று நாமும் வாழ்த்தலாம். கிரேட்டோஸுக்கு ஓய்வு கொடுத்து ஒரு திண்ணையில் உட்கார வைத்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கோபப்பட்டிருப்பேன். 'ராக்னராக்'கின் முடிவில் அவன் ஃபிரேயாவோடும், பேசும் தலையான மிமிரோடும் கிளம்பிப் போவது, சிதைந்துபோன உலகங்களைச் செப்பனிடத்தான்.

நீங்கள் மூன்றாவது ஆட்டத்தை விளையாடியவர் என்பதால் கேட்கிறேன். தேவர் தலைவன் ஜீயஸின் முகத்தில் கிரேட்டோஸ் குத்தும் அந்தக் கடைசிக் காட்சியில், நாம் பொத்தானை அழுத்த அழுத்த அவன் குத்திக்கொண்டே இருப்பான், திரை முழுவதும் சிவந்து எதுவும் தெரியாமல் போன பிறகும் குத்துவான், நாம் அழுத்துவதை நிறுத்தினால்தான் நிறுத்துவான். நான் எப்போது நிறுத்தினேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. உங்களுக்கு நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.