தடை விழுந்த கார்டும் போன காசும்

கேள்வி: ஐயா, சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். வார இறுதியில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில், 'மேஜிக்: த கேதரிங்' விளையாட்டின் மாடர்ன் போட்டிகளுக்காக 'த ஒன் ரிங்' கார்டு நான்கு வாங்கினேன். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2024 டிசம்பரில் அதைத் தடை செய்துவிட்டார்கள். விலையும் சரிந்துவிட்டது. பலமான கார்டை அச்சடித்து விற்பதும் அவர்களே, அப்புறம் ஆடக்கூடாது என்பதும் அவர்களே. இது ஏமாற்று வேலை இல்லையா? பலமான கார்டு வந்தால் அதை வெல்ல வழி கண்டுபிடிப்பதுதானே திறமை? இன்னொன்று. எங்கள் சனிக்கிழமைக் குழுவில் நால்வர் சேர்ந்து ஆடும் கமாண்டர் என்ற ஆட்ட முறையை ஆடுவோம். அதில் நான் வைத்திருக்கும் 'வின்டர் ஆர்ப்' கார்டைத் தடை செய்யவேண்டும் என்று நண்பர்கள் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்வதா, குழுவை விட்டு வந்துவிடுவதா?
(பெயர் வேண்டாம், சிங்கப்பூர்)

பதில்:

தம்பி, காசு போன வருத்தம் நியாயமானது. சம்பாதித்துச் சேர்த்து வாங்கிய பொருள் ஒரே அறிவிப்பில் பாதி விலைக்குப் போனால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் உங்கள் கோபம் கொஞ்சம் இடம் மாறிப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கார்டைத் தடை செய்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. தடை செய்ய அத்தனை நாள் எடுத்துக்கொண்டார்களே, அதில்தான் குறை. 2023 ஜூனில் வந்த கார்டு, 2024 டிசம்பர் 16 வரை ஓடியது. ஒன்றரை வருடம். நடவடிக்கை முன்பே வந்திருந்தால் நீங்கள் அதை வாங்கியே இருக்கமாட்டீர்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மாடர்ன் என்ற போட்டி முறையில் ஆளுக்குக் குறைந்தது அறுபது கார்டு கொண்ட கட்டு ஒன்றைத் தாங்களே அமைத்துக்கொண்டு வருவார்கள். இதை டெக் என்பார்கள். மற்ற கார்டுகளை இறக்கச் செலவழிக்கும் 'மனா'வைத் தரும் சாதாரண நிலக் கார்டுகளைத் தவிர ஒரே கார்டு நான்குக்கு மேல் இருக்கக்கூடாது. எந்தக் கார்டுகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. மேசையில் உட்காரும் முன்பே தொடங்கிவிடும் ஆட்டம் அது.

அந்தப் பாதியைத்தான் த ஒன் ரிங் தின்றது. அதற்கு நிறம் கிடையாது, அதனால் எந்த டெக்கிலும் நுழையும். நான்கு மனா கொடுத்து இறக்கினால், உங்கள் அடுத்த முறை வரும்வரை எதிராளி உங்களைத் தொடமுடியாது. அதன்பின் ஒவ்வொரு முறையும் கார்டு எடுத்துக் கொடுக்கும். முதலில் ஒன்று, அடுத்து இரண்டு, அப்புறம் மூன்று. பதிலுக்கு உங்கள் உயிர்ப் புள்ளிகளும் அதே கணக்கில் குறையவேண்டும். காகிதத்தில் பார்த்தால் சரியான விலைதான். ஆனால் இரண்டாவது மோதிரத்தை இறக்கினால்? இந்த வகைக் கார்டுகளில் ஒரே பெயரில் ஒன்றுதான் உங்கள் பக்கம் மேசையில் நிற்கலாம் என்பது விதி. பழையதை விட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளலாம். ஏறிக்கொண்டே வந்த உயிர்ப் புள்ளிக் கணக்கு பூராவும் பழையதோடு போய்விடும், பாதுகாப்பும் மறுபடி கிடைக்கும். விலையைக் கட்டாமலே சரக்கை எடுத்துப் போகும் வழி இது. இதைத் தெரிந்துதானே தம்பி, நீங்கள் ஒன்றோடு நிற்காமல் நான்கு வாங்கினீர்கள்?

சரி, "வெல்ல வழி கண்டுபிடிக்கட்டுமே" என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலான கார்டுகளுக்கு அதுதான் பதில். ஒரு டெக் நாலு வாரம் கொடிகட்டிப் பறந்தால் உடனே தடை கேட்டுக் கூச்சல் போடுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. பொறுத்திருந்தால் யாராவது மாற்று மருந்தோடு வந்துவிடுவார்கள். ஆனால் சில கார்டுகள் அந்த மருந்தையே விழுங்கிவிடும். 2019 அக்டோபரில் வெளிவந்த 'ஓகோ, தீஃப் ஆஃப் கிரவுன்ஸ்' அப்படிப்பட்டது. மூன்று மனா. எதிரே நிற்கிற, சண்டைபோடும் ஜந்துக் கார்டோ கருவிக் கார்டோ எதுவானாலும் எந்தத் திறமையும் இல்லாத 3/3 (தாக்கும் பலம் மூன்று, தாங்கும் பலம் மூன்று) கடமானாக மாற்றிவிடும். நீங்கள் நாற்பது கார்டைப் புரட்டி ஒரு பதிலைக் கண்டுபிடித்து இறக்கினால், அடுத்த நிமிடம் அதுவும் கடமான். நவம்பர் 18-ஆம் தேதி ஸ்டாண்டர்டில், அதாவது புதிய கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் போட்டி முறையில், அதற்குத் தடை வந்தது. எதிராளியின் பொருள்களை மாற்றும் அந்தத் திறமையைச் சரியாக எடைபோடவில்லை என்று வடிவமைத்தவர்களே பிறகு எழுதினார்கள்.

ஒரு கார்டு பலமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தடை செய்வதில்லை. ஒன்று அந்தக் கார்டை வைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதை அடிக்க மட்டுமே டெக் கட்டவேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அப்போது அதை எடுத்துவிடுவதுதான் மற்ற ஆயிரம் கார்டுகளுக்கும் நல்லது.

"முன்னாடியே சோதித்துப் பார்க்கக்கூடாதா?" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சோதிக்கிறார்கள். ஆனால் கடைசி நேரத் திருத்தம் என்று ஒன்று இருக்கிறதே, வில்லங்கம் அங்கேதான் வரும். 2004-இல் வந்த 'ஸ்கல்கிளாம்ப்' கருவியைப் பாருங்கள். மாட்டிக்கொண்ட ஜந்துவுக்குத் தாக்கும் பலம் ஒன்று கூடும், தாங்கும் பலம் ஒன்று குறையும். அது செத்தால் உங்களுக்கு இரண்டு கார்டு. தாங்கும் பலம் குறைவதை ஒரு பாதகமாக நினைத்து வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? 1/1 சில்லறை ஜந்து ஒன்றுக்கு ஒரு மனா செலவழித்து மாட்டினால், அது அங்கேயே செத்துவிழும், கையில் இரண்டு கார்டு. பாதகம் என்று எழுதியதுதான் லாபமே. அந்த எண்களும் வடிவமைப்பின் கடைசிக் கட்டத்தில் மாற்றப்பட்டவை.

இருபது வருடம் கழித்தும் அதே கதை. 2024 ஜூனில் 'நாடு, விங்டு விஸ்டம்' என்ற பறவை வந்தது. (நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பெயர் அப்படி.) உங்கள் ஜந்து எதையாவது ஏதேனும் ஒரு திறமை குறிவைத்தால் ஒரு கார்டு லாபம், ஒவ்வொரு ஜந்துக்கும் ஒரு முறைக்கு இரண்டு தடவை. 'ஷூகோ' என்று பழைய கருவி ஒன்று இருக்கிறது. அதை ஒரு ஜந்துவிடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாட்ட மனாவே வேண்டாம், சும்மா மாட்டலாம். இரண்டையும் சேர்த்தால்? மாட்டு, கார்டு எடு, மறுபடி மாட்டு, கார்டு எடு, அடுத்த ஜந்து. எதிரே உட்கார்ந்தவர் தன் முறை எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். அந்தக் கார்டின் வாசகத்தைக் கடைசியில் மாற்றியதாகவும், மாற்றியபின் ஆடிப்பார்க்கவில்லை என்றும், மனா கேட்காத கருவிகளைத் தவறவிட்டதாகவும் அதை வடிவமைத்தவர் வெளிப்படையாகவே எழுதினார். ஆம்ஸ்டர்டாமில் ஜூன் கடைசியில் நடந்த புரோ டூர் என்ற பெரிய சர்வதேசப் போட்டியை வென்றதும் நாடு டெக்தான். பிரச்சினை அன்றைக்கே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. தடை வந்தது ஆகஸ்ட் 26-ஆம் தேதி!

அந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் உங்களைப் போலவே வாங்கியிருப்பார்கள்? கெட்ட கார்டு உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் அதை வாங்கத் தள்ளப்படுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அந்தக் கார்டு இருக்கும் பாக்கெட்டுகள் கடையில் விற்றுக்கொண்டிருக்கும்போது தடை செய்யக் கை வருமா என்ற சந்தேகம் ஆட்டக்காரர்களுக்கு வருவது இயற்கை. விற்கிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒருவராகவே இருந்தால் இந்தச் சந்தேகத்தை ஒழிக்கமுடியாது. உங்கள் கடிதத்தில் நான் முழுசாக ஒத்துப்போகும் இடம் இதுதான்.

ஈடு கொடுக்கலாமே என்றால், கணினியில் கொடுக்கிறார்கள். இதே விளையாட்டின் அரீனா வடிவத்தில் கார்டு தடையானால் பதிலுக்கு, வேறொரு கார்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய வைல்டுகார்டு வந்துவிடும். காகிதக் கார்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நீங்கள் வாங்கியதும் கம்பெனியிடமிருந்து இருக்காது, கடையிலிருந்தோ இன்னொரு ஆட்டக்காரரிடமிருந்தோதான் இருக்கும். ஒரு முறை சின்னக் கருணை காட்டினார்கள். 2011-இல் 'ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்' ஸ்டாண்டர்டில் தடையானபோது, கம்பெனியே கட்டி விற்ற ஒரு டெக்கில் அந்தக் கார்டு இருந்தது. அந்த டெக்கில் ஒரு கார்டையும் மாற்றாமல் அப்படியே கொண்டுவந்தால் ஆடலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு வாங்கிய பையனை யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

இனி உங்கள் கையில் இருக்கும் நான்கைப் பற்றி. கமாண்டரில் த ஒன் ரிங் தடையாகவில்லை. அங்கே ஒரு டெக்குக்கு ஒன்றுதான் வைக்கமுடியும், அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைக் கொடுத்து வேறு கார்டு மாற்றிக்கொள்ளுங்கள். என்றைக்காவது தடை நீங்கும் என்று பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். நீங்குவது உண்டு. உங்கள் மோதிரம் போன அதே நாளில்தான் மாடர்னில் 'ஸ்பிளின்டர் ட்வின்' திரும்பி வந்தது. ஆனால் அது போனது 2016 ஜனவரியில். அவ்வளவு காலம் காத்திருப்பதற்குள் உங்களுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அடுத்த முறை வாங்கும்முன் தடை அறிவிப்பு எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். இப்போதெல்லாம் அந்தத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். எல்லோரும் திட்டுகிற கார்டை அந்தத் தேதிக்கு முந்திய மாதத்தில் முழு விலைக்கு வாங்கவேண்டாம். போட்டி இருக்கிறது, கட்டாயம் வேண்டும் என்றால் நண்பரிடம் இரவல் கேளுங்கள்.

கோபத்தில் யாரையும் இணையத்தில் ஏசப் போகாதீர்கள். 2024 செப்டம்பரில் கமாண்டரில் 'மனா கிரிப்ட்', 'ஜூவல்டு லோட்டஸ்' முதலியவற்றைத் தடை செய்தது கம்பெனி அல்ல, ஆட்டக்காரர்களே நடத்திவந்த குழு. விலை விழுந்த ஆத்திரத்தில் சிலர் அவர்களுக்குக் கொலை மிரட்டல்வரை போனார்கள். ஒரே வாரத்தில் அந்தக் குழு பொறுப்பைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டது. விற்கிறவரே தீர்ப்புச் சொல்லாத ஓர் இடம் இருந்தது, அதையும் மிரட்டியே கெடுத்துக்கொண்டார்கள்.

இனி சனிக்கிழமைக் குழு. வின்டர் ஆர்ப் இருக்கும்வரை மனா எடுக்கச் சாய்த்த நிலங்களில் ஒரு முறைக்கு ஒன்றுக்கு மேல் யாரும் நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தமுடியாது. ஒரு மனா, ஒரு மனா என்று நான்கு பேர் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஊர்த் தெருக் கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டுக்குள் அடித்தால் சிக்ஸர் கிடையாது, அவுட். அடித்தவன் மோசமாக ஆடினான் என்பதற்காக அல்ல, பந்து திரும்பி வரும்வரை எல்லோரும் நிற்கவேண்டுமே என்பதற்காக. உங்கள் நண்பர்கள் கேட்பதும் அந்த மாதிரி விதிதான் என்று படுகிறது. 2025-இல் கம்பெனி கமாண்டரை ஐந்து படிகளாகப் பிரித்தபோதும், நிலங்களை மொத்தமாக முடக்கும் கார்டுகள் கீழ் மூன்று படிகளுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னது.

அதற்காக உடனே தலையாட்டவும் வேண்டாம். தடையா இல்லையா என்ற இரண்டு வழிதான் என்று யார் சொன்னது? யூ-கி-ஓ விளையாட்டில் சாதாரணக் கார்டு மூன்று வரை வைக்கலாம். சிக்கலானவற்றுக்கு இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று படிப்படியாகக் குறைக்கிறார்கள். போக்கிமோனில் பழைய கார்டுகள் ஸ்டாண்டர்டிலிருந்து தாமாகவே காலாவதியாகும், ஆகவே தடைக்கு வேலையே குறைவு. நீங்களும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் ஆர்ப் வரலாம் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது மூன்று மாதம் தடை, அப்புறம் மறுபடி பேசுவோம் என்று நாள் குறித்துவிடலாம்.

தோற்பதால் புலம்புகிறார்களா, ஆட்டம் நின்றுபோவதால் புலம்புகிறார்களா என்பது உங்களுக்குத் தெரியவேண்டும். இந்தச் சனிக்கிழமை அதிகமாகக் குறைசொல்கிற நண்பரிடம் உங்கள் டெக்கைக் கொடுத்துவிட்டு, அவருடையதை நீங்கள் ஆடுங்கள். ஆர்ப் இறங்கியபின் அரைமணி நேரம் உங்கள் கையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவரும் ஜெயித்தபின் அதே குறையைச் சொன்னால், அன்று இரவே அந்தப் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆர்ப்பை எடுத்துவிட்டு, மூன்று மோதிரங்களை மாற்றி வாங்கியதில் ஏதாவது ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். குழுவை விட்டு வரும் பேச்சு எல்லாம் எதற்கு?