பூட்டிய கடையை மாதிரியிலிருந்து நீக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் கடந்த ஓராண்டில் தொடங்கிய சிறுதொழில்களை ஆய்வு செய்கிறேன். மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யமில் உள்ள பதிவுத் தேதியைப் பார்த்து, மாதிரியாக 120 பெயர் குலுக்கி எடுத்தால் போதுமா? கடை பூட்டியிருந்தால் பக்கத்துக் கடையை எடுக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

உத்யம் பதிவு வேறு, கடை திறந்தது வேறு. பத்து வருஷமாக நடக்கும் கடை, வங்கிக் கடனுக்காக நேற்றுதான் பதிந்திருக்கும். சான்றிதழில் தொழில் தொடங்கிய தேதி தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். ஜிஎஸ்டியிலும் இதே வம்புதான். அப்பா காலமாகிக் கடை மகன் பெயருக்கு மாறினால் புது எண் வரும், கல்லாப்பெட்டி பழையதுதான். "இதே இடத்துல இதே வியாபாரத்த முன்னால யாரு பாத்தா?" என்று முதலில் கேளுங்கள்.

பின்கோடை நம்பி மாவட்டம் பிரிக்காதீர்கள். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஆனால் கடையநல்லூருக்கு இன்றும் 627751தான். தாலுகா வாரியாகப் பிரியுங்கள்.

உற்பத்தி 600, வியாபாரம் 3,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகக் குலுக்கினால் உற்பத்தி சொற்பமாகத்தான் விழும். தனித்தனியே 100 எடுங்கள். வியாபாரப் பட்டியலைத் தாலுகா வரிசையில் அடுக்கி, 1 முதல் 30க்குள் ஒரு சீட்டு எடுங்கள். 17 வந்தால் 17, 47, 77 என்று போகலாம். கணக்கிடும்போது ஒரு வியாபாரக் கடை 30 கடைகளுக்குப் பிரதிநிதி, அதாவது அதன் எடை 30; உற்பத்திக்கு 6. எடை போடாமல் சராசரி எடுத்தால் மாவட்டமே பட்டறையாகத் தெரியும்.

120 வேண்டுமென்றால் இரண்டு பிரிவிலும் சேர்த்து 200 எதற்கு? புதுக் கடைகள் சீக்கிரம் மூடும். முன்னோட்டமாகச் சில கடைகளைப் பார்த்ததில் பத்துக்கு ஆறுதான் நடக்கிறது என்றால், முதலிலேயே 200 எடுத்துவிட வேண்டும். ஷட்டர் இறங்கியிருந்தால் வேறு வேறு நேரத்தில், ஒரு தடவையாவது சாயங்காலம், மூன்று முறை போங்கள். பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். நிரந்தரமாக மூடியது என்றால் 'மூடப்பட்டது' என்று எழுதி, மாதிரியிலேயே வையுங்கள். அதற்குப் பதிலாகப் பக்கத்துக் கடையை எடுத்தால், தொடங்கிய தொழிலெல்லாம் பிழைத்ததாக உங்கள் அறிக்கை சொல்லும். கடை நடக்கிறது, முதலாளி பேச மறுக்கிறார் என்பது வேறு கணக்கு. அந்தக் குறையை அதே பிரிவில் பதில் சொன்னவர்களின் எடையைக் கூட்டிச் சரிசெய்யலாம்.

பத்தமடையில் வீட்டிலேயே பாய் நெய்பவர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம். சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டாதவருக்குப் பொதுவாக ஜிஎஸ்டி கட்டாயமில்லை. ஆகவே சில தெருக்களைக் குலுக்கி எடுத்து, மாடி வீடு உட்பட ஒவ்வொரு கதவையும் தட்டுங்கள். அங்கே அகப்படுபவர் உத்யம் பட்டியலிலும் இருந்தால் தெருக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டு.