ஆக்சலாட்டலுக்கு உரத்தொட்டி மண்புழு போடலாமா?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். காலேஜ் படிக்கும் மகன் பெங்களூரிலிருந்து ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும், பல்லி வடிவச் சாலமண்டர்) இரண்டு வாங்கி வந்து கண்ணாடித் தொட்டியில் விட்டிருக்கிறான். ஒவ்வொன்றும் அரை அடி நீளம். கடையில் கொடுத்த ரத்தப்புழு தீர்ந்துவிட்டது. வீட்டில் மண்புழு உரத்தொட்டி இருக்கிறது, பட்டுப்புழுவும் இருக்கிறது, ஏரியில் பொடிமீன் கிடைக்கும். எதைப் போடலாம்?

பதில்: கடைக்கு அலைய வேண்டாம், உங்கள் உரத்தொட்டியே போதும். அரை அடி வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு மண்புழுவை விட நல்ல தீனி கிடையாது. ரத்தப்புழு குஞ்சுகளுக்குச் சரி, இந்த அளவுக்கு அது கொறிக்கத்தான் ஆகும்.

ஆனால் உங்கள் தொட்டியில் இருப்பது எந்தப் புழு என்று முதலில் பாருங்கள். நம் பக்கம் அதிகம் விடுவது ஆப்பிரிக்க மண்புழு, யூட்ரிலஸ். ஊதா கலந்த பழுப்பு நிறம், நல்ல நீளம். இதை ஆசையாகத் தின்னும். உடம்பில் வரிவரியாகச் சிவப்பும் மஞ்சளும் தெரிந்தால் அது ஐசினியா. தொட்டாலே நாற்றமடிக்கும் மஞ்சள் நீரை விடும். ஆக்சலாட்டல் வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். புழு பிடிக்கவில்லை என்று மகன் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அடுத்தது, அந்தப் புழு எதைத் தின்றது? மாட்டுக்குக் குடற்புழு நீக்க ஐவர்மெக்டின் ஊசி போட்டிருந்தால் மருந்து சில வாரங்களுக்குச் சாணத்தில் வரும். அந்தச் சாணம் போட்ட தொட்டிப் புழு வேண்டாம். மருந்தடித்த தக்காளி, ரோஜா, மாந்தோப்பு மண்ணில் தோண்டிய புழுவும் அப்படித்தான். தவளையைப் போலவே ஆக்சலாட்டலும் நீர்நில வாழ்வி, தோல் வழியாகவே மருந்து உள்ளே போய்விடும்.

நல்ல புழுவைக் கூட எடுத்தவுடன் போடாதீர்கள். ஈரத் தென்னை நார்க்கழிவில் ஒன்றிரண்டு நாள் விட்டால் வயிற்றுச் சாணம் கழிந்துவிடும். பிறகு குளோரின் இல்லாத தண்ணீரில் அலசி, ஆக்சலாட்டலின் தலை அகலத்துக்கு மேல் போகாத துண்டாக நறுக்கிக் கொடுங்கள். அது மெல்லாது, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சி விழுங்கும். அதனால்தான் அடியில் பொடிக்கல் பரப்பக் கூடாது என்கிறோம், புழுவோடு கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். இந்த வயதில் இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும். மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள்.

பட்டுப்புழுவும் நல்லதுதான், உடம்பு மெத்தென்று இருக்கும். சிக்கல் உங்கள் பட்டுப்புழுப் படுக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு தோலுரிப்பிலும் சுண்ணாம்பும் விஜேதா என்ற கிருமிநாசினிப் பொடியும் தூவுவீர்கள் அல்லவா? தூவுவதற்கு முன்பே நாலைந்து புழுவைத் தனி டப்பாவில் எடுத்து, மருந்தடிக்காத வரிசை இலை போட்டு வளருங்கள். மூன்றாம் பருவப் புழு சரியான அளவு. ஐந்தாம் பருவம் பெரிது, அதைக் கூடு கட்ட விட்டு தருமபுரி மார்க்கெட்டுக்கே கொண்டுபோங்கள், காசாவது வரும். வதங்கிய புழுவைத் தூக்கிப் போடும் இடம் ஆக்சலாட்டல் தொட்டி அல்ல.

ஏரிப் பொடிமீன் மட்டும் வேண்டவே வேண்டாம். நங்கூரப்புழு போன்ற ஒட்டுண்ணிகளைக் கூட்டி வரும். கெண்டைக் குஞ்சில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் இருக்கிறது, தொடர்ந்து போட்டால் நரம்புக் கோளாறு வரும். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இது மெக்சிகோவின் குளிர்ந்த ஏரிப் பிராணி. தண்ணீர் 16 முதல் 18 டிகிரிக்குள் இருந்தால்தான் தின்றது ஒழுங்காகச் செரிக்கும். உங்கள் ஊர் தருமபுரியை விடக் குளிர்ச்சி என்றாலும் ஏப்ரல், மே மாதங்களில் கண்ணாடித் தொட்டி எளிதாக 24 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது தீனியைக் குறைத்துத் தண்ணீரைக் குளிர வையுங்கள். வெயில் நேரத்தில் தின்ன மறுத்தால் புழுவை மாற்றிப் பார்க்கும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

அப்புறம், இது சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள பிராணி. 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி இப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடை ரசீதைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.