பாசி இருந்தும் மெலிகிற மீன்

கேள்வி: ஐயா, பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டி 90 செ.மீ. நீளம், சுமார் 180 லிட்டர். பாறைகளில் நூல்பாசி படர்ந்ததால், கடைக்காரர் சொன்னபடி லான்மோவர் பிளென்னி என்ற பாசி தின்னும் மீன் ஒன்றை வாங்கி விட்டேன். இரண்டு மாதமாகியும் பாசி குறையவில்லை. மீனின் வயிறோ ஒட்டிப்போய்விட்டது. இப்போது பவளங்களைக் கொத்தவும் தொடங்கியிருக்கிறது. தீனி போட்டால் பாசியைத் தொடாது என்று கடைக்காரர் சொன்னதால் அதற்கென்று எதுவும் போடுவதில்லை. இதைக் கொடுத்துவிட்டு, பாசி மேயும் இன்னொரு மீனான மஞ்சள் டாங் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மஞ்சள் டாங் 20 செ.மீ. வரை வளரும், பகல் முழுவதும் நீந்தி மேயும். உங்கள் தொட்டி அதற்குப் போதாது. வெண்புள்ளி நோயும் டாங் வகைகளை எளிதில் பிடிக்கும். அதற்கான செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவே கூடாது. பவளம், நத்தை, இறால் எதுவும் தப்பாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இத்தனை பாசிக்கு நடுவில் மீன் ஏன் மெலிகிறது? லான்மோவர் பிளென்னியின் பற்கள் சீப்புப் போல நுண்ணியவை. பாறை மேல் படியும் மெல்லிய பாசிப்படலத்தையும் மட்கிய துகள்களையும் சுரண்டித் தின்னத்தான் அவை உதவும். நீண்டு வளர்ந்த நூல்பாசியை அது பெரும்பாலும் தொடாது. ஆக, உங்கள் மீன் இரண்டு மாதமாகப் பட்டினி கிடக்கிறது.

"பட்டினி போட்டால் பாசி தின்னும்" என்பது வியாபாரிகள் சொல்லும் மிகக் கொடிய யோசனை. மீன் செத்தால் இன்னொன்று விற்கலாம், அவர்களுக்கு நஷ்டமில்லை. பாசி தின்னும் மீனுக்கும் முதல் நாளிலிருந்தே தீனி போட வேண்டும் என்பதை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பசித்த மீன்தான் பவளத்தையும் சிப்பியின் சதையையும் கொத்திப் பார்க்கிறது. டாங், ஃபாக்ஸ்ஃபேஸ் என்று பாசி மேயும் எந்த மீனுக்கும் இதே விதிதான்.

உப்பு, எண்ணெய், மசாலா சேராத நோரி கடற்பாசித் தாளில் ஒரு துண்டைச் சிறு கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி, மீன் வழக்கமாக உட்காரும் பாறைக்கருகே காலையில் வையுங்கள். மிச்சத்தை மாலையில் எடுத்துவிடுங்கள். முதலில் சீண்டாமல் இருக்கலாம், தினமும் வையுங்கள். கூடவே ஊறவைத்த ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) குருணையைச் சிறிது சிறிதாக, நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுங்கள். வயிறு உருண்டு வருகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள்.

இனி பாசி. மீன் தின்ற பாசியின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெரும்பாலும் கழிவாக அதே தண்ணீரில்தான் கலக்கின்றன. உங்கள் கை பிடுங்கி வெளியே எறிவதுதான் தொட்டியை விட்டு உண்மையில் நீங்குகிறது. தண்ணீர் மாற்றும்போது நூல்பாசியை விரலால் பிடுங்கி, குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். ஒரே நாளில் முடியாது, வாரந்தோறும் செய்யுங்கள். டர்போ நத்தைகள் சில இருந்தால் மிச்சத்தை மேயும்.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக எதை ஊற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. குழாய்த் தண்ணீர் என்றால் இன்றே நிறுத்துங்கள், அதில் பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் இருக்கலாம். அயனி நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே. பாஸ்பேட் சோதனையில் பூஜ்யம் என்று வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அடர்ந்த பாசி உறிஞ்சிக்கொள்வதால் அப்படிக் காட்டலாம். பாறைக்குள் சேர்ந்திருக்கும் பாஸ்பேட்டும் மாதக்கணக்கில் கசியும். அதற்காகப் பாஸ்பேட் நீக்கியை அள்ளிக் கொட்ட வேண்டாம். திடீரென்று பூஜ்யமாக்கினால் பவளங்கள் வெளிறும். பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருக்கட்டும்.

அடுத்து எந்த மேயும் மீனை வாங்குவதானாலும், கடையில் உங்கள் கண் முன்னே அது தீனி எடுக்க வேண்டும். வயிறு உள்வாங்கியிருந்தால் தொடாதீர்கள். வாங்கியதைத் தனித் தொட்டியில் ஒரு மாதமாவது வைத்திருந்து, நோரி தின்னப் பழகிய பின்பே பவளங்களோடு விடுங்கள்.